எழுதிக்கொடுத்தது யார்?

போன மாதம் ஒரு கல்லூரி மாணவி தன் முதல் கதையை என்னிடம் கொடுத்தாள். இருபத்திரண்டு பக்கம், குண்டு குண்டான கையெழுத்து. மேலே ஒரு துண்டுத்தாள் குத்தியிருந்தது: “குறைகளைச் சொல்லுங்கள் டீச்சர், எல்லாவற்றையும் திருத்திக்கொள்கிறேன்.” கதையைப் படிப்பதற்கு முன்பே அந்த வரி என்னைப் பிடித்துக்கொண்டது. ‘எல்லாவற்றையும்’ என்ற சொல்தான் உறுத்தியது. அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்தில் முடியவில்லை. என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் அந்தப் பதிலை எழுத முடியாது என்று தெரிந்தது.

அப்பா பத்திர எழுத்தர். சங்கரன்கோவில் பக்கம் ஒரு சிறிய ஊரில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடிக் கொட்டகையில், சாய்மேசை போட்டு 35 வருடம் உட்கார்ந்திருந்தார். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, உயில். அந்த வட்டாரத்தில் ஒரு தலைமுறையின் வீடும் வயலும் அவர் கையெழுத்தில்தான் கைமாறின. கதை படிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆனாலும் கதை எழுதுவதைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் பாதிக்கு மேல் அந்தக் கொட்டகையிலிருந்து வந்தது.

பத்திரம் எழுதி முடித்ததும், எழுதிக்கொடுப்பவருக்கு அதை வாசித்துக் காட்டுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் வரிவரியாக நிறுத்தி வாசிப்பார். அந்தக் குரலில் ஏற்ற இறக்கமே இருக்காது. கிரயத் தொகை வரும்போதும், இறந்துபோன கணவன் பெயர் வரும்போதும் ஒரே குரல்தான். ஏன் அப்படி என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். “ஒரு சொல்ல அழுத்திச் சொன்னா கேக்கவுக மனசு அங்கனயே நின்னுரும். அடுத்த வரியைக் கேக்கமாட்டாக. அடுத்த வரியிலதான் அவுக கெணத்துப் பங்கு இருக்கும்” என்றார்.

எனக்கு இருபத்துமூன்று வயதில் முதல் கதை எழுதினேன். மகள் கல்யாணத்துக்காக ஒரு விதவை வீட்டை விற்கிறாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் கைநாட்டு வைக்கிறாள், உடைந்து அழுகிறாள், வெளியே மழை பிடித்துக்கொள்கிறது. பத்திர அலுவலகம் வருகிறதே, விவரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அப்பாவிடம் கொடுத்தேன். மனசுக்குள் வேறொன்று இருந்தது. அவர் கண் கலங்குவதைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பத்திரம் வாசிக்கிற அதே குரலில் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார்.

அதைப்போல ஒரு சோதனையை நான் பிறகு எங்கும் அனுபவித்ததில்லை. என் மனசுக்குள் நான் வாசிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் நானே குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன், தழுதழுக்க வேண்டிய இடத்தில் தழுதழுத்தேன். அப்பாவின் குரல் அந்த உதவியைச் செய்யவில்லை. சொற்கள் தங்கள் காலில் நிற்க வேண்டியிருந்தது. ‘வானமும் அவளோடு சேர்ந்து அழுதது’ என்ற வரி, சொத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தி விவரம்போல அவர் வாயிலிருந்து வந்தபோது எனக்கு உடம்பு கூசியது. அதே குரலில், ‘ஊறுகாய் ஜாடியை மட்டும் யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை’ என்று வந்தபோது கூசவில்லை. அந்த வரியை நான் யோசித்து எழுதவில்லை, போகிற போக்கில் எழுதியிருந்தேன்.

வாசித்து முடித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்.

“ஏட்டி, இந்த வீடு தெருவுக்கு எந்தப் பக்கம்?”

“தெரியலப்பா.”

“வாசல்ல உக்காந்திருக்கவ மொகத்துல சாயங்கால வெயில் அடிக்குன்னு எழுதியிருக்க. அப்போ அது மேக்க பாத்த வீடு, தெருவுக்குக் கீழ்பக்கம். ரெண்டு பக்கம் தள்ளி, காலையில வாசத்திண்ணையில வெயில் விழுதுன்னு சொல்லுத. எது நெசம்?”

1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் இது இருக்கிறது. நகரத்து வீடு என்றால், அது எந்தத் தெருவைப் பார்த்திருக்கிறதோ அந்தத் தெருவுக்கு வடபுறமா தென்புறமா என்று சொத்து விவரத்தில் சொல்லியாக வேண்டும். அப்பாவுக்கு அது சட்டம். எனக்கு அன்று அவமானமாக இருந்தது. இவ்வளவு பெரிய துக்கத்தை எழுதியிருக்கிறேன், இவர் வெயிலைப் பற்றிக் கேட்கிறாரே என்று. அந்த வீட்டை நான் பார்க்கவே இல்லை என்பதுதான் அவர் கேள்வியின் உள்ளே இருந்தது என்று புரிய வருடங்கள் ஆயின. வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாதவளுக்கு, அந்த வாசலை இழப்பது என்ன என்று எப்படித் தெரியும்? துக்கத்தை எங்கிருந்தோ எடுத்து வந்து வீட்டுக்குள் ஊற்றியிருந்தேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார், தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது. “கைநாட்டு வச்சவுக அந்த எடத்துல அழுது நான் பாத்ததில்ல. வெரல்ல மை இருக்குல்லா, அதத்தான் பாப்பாக. எங்கன தொடைக்கன்னு தேடுவாக. பொம்பளையாளுக தலைமுடியில தேய்ப்பாக.”

அந்த அலுவலகத்துச் சுவர் எனக்கு நன்றாகத் தெரியும். இடுப்புயரத்துக்கு மேலே நீலமும் கறுப்புமாகப் பெருவிரல் தீற்றல்கள், வருடக்கணக்காக ஒன்றன்மேல் ஒன்றாக. தினமும் அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். கதையில் அதை எழுதத் தோன்றவில்லை. அங்கே அழுகைதான் இருக்க வேண்டும் என்று எங்கேயோ படித்துவைத்திருந்தேன்.

ஆனாலும் நான் திருத்தவில்லை. அப்படியே ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன், திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்டிய உறையோடு. நான்கு மாதம் கழித்து அந்த உறை வந்தது. கடிதம் கிடையாது. கடைசிப் பக்கத்தின் மூலையில் பென்சிலால் மூன்று சொல்: “கடைசிப் பத்தி தேவையா?”

மழை பெய்கிற பத்தி. அதற்காகத்தான் மொத்தக் கதையையும் எழுதியிருந்தேன்.

அந்த நாள் கோபத்தை இப்போதும் உடம்பில் உணர முடிகிறது. காது மடல் சூடாகும், வயிறு இறுகும். அந்த மாணவிக்கு நான் முதலில் சொல்ல நினைத்தது இந்தக் கோபத்தைப் பற்றித்தான். அது வரும், வரட்டும். அதை மறைத்துக்கொண்டு உடனே “மிக்க நன்றி, திருத்திவிடுகிறேன்” என்று சொல்வது அடக்கம்போலத் தெரியும். எனக்கு அது ஒருவிதத் தப்பித்தல் என்றே படுகிறது. சொன்ன குறை உள்ளே இறங்குவதற்கு முன்னால் வாசலிலேயே உபசரித்து அனுப்பிவிடுகிற காரியம். நான் தாளை இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். எட்டு மாதம் தொடவில்லை. பிறகு எடுத்து வாசித்தபோது அது வேறொருத்தி எழுதியதுபோல இருந்தது, கடைசிப் பத்தி தேவையில்லை என்பது எனக்கே தெரிந்தது. கூடவே அப்பாவின் மையும் நினைவுக்கு வந்தது.

கதை இப்படி முடிந்தது. ஆபீசுக்குப் போக நல்ல சேலை இல்லாததால் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். மை அதில் பட்டுவிடக் கூடாது. திரும்பி வருகிற பேருந்தில், கூட்டத்தில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடதுகைப் பெருவிரலை மட்டும் தனியாகத் தூக்கிப் பிடித்தபடி ஊர்வரை வருகிறாள். அழவில்லை. அது பிரசுரமானது. இன்றைக்கும் யாராவது என்னைப் பார்த்து அந்த விரலைப் பற்றிப் பேசுவார்கள். மை அப்பா கொடுத்தது, இடத்தை அந்தப் பென்சில் காட்டியது. இரவல் சேலை யாரும் சொல்லாதது. அது என் அம்மாவின் கதை.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வாசகர் வட்டம் தேவைப்பட்டது.

எங்கள் ஊரில் மாதம் ஒரு ஞாயிறு பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம், ஒரு தையற்கடையின் மாடியில். ஒருவர் கதையை வாசிப்பார், மற்றவர்கள் பேசுவார்கள். ஒரே ஒரு விதி: எல்லோரும் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. அந்த விதியை வைத்த அண்ணாச்சி பஞ்சாயத்து ஆபீசில் வேலை பார்த்தவர். “நீங்க விளக்கம் சொல்ல ஆரம்பிச்சா, நாங்க கதையை விட்டுட்டு உங்க விளக்கத்தைப் படிக்க ஆரம்பிச்சிருவோம் டீச்சர்” என்பார். வீட்டுக்கு வீடு போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாதல்லவா.

அங்கே ஒரு கதை வாசித்தேன். ஓய்வுபெற்ற தபால்காரர், மகனோடு பேசுவதில்லை. ஏழாம் பக்கத்தில் மகன் பம்பாயிலிருந்து வருகிறான், அப்பா எழுந்து கோயில் மண்டபத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறார். ஒருவர் மகன் பேசுவது நீளம் என்றார். இன்னொருவர், அந்த இடத்தில் அம்மா இருந்திருக்க வேண்டும் என்றார். மூன்றாமவருக்கு அப்பா கல்நெஞ்சுக்காரராகத் தெரிந்தார், கொஞ்சம் இளக்கச் சொன்னார். கடைசியில் ஒரு பையன், “எனக்கு ஒண்ணும் தோணல, அந்த எடத்துல மட்டும் வேற நெனப்பு வந்துட்டு” என்றான்.

நான்கு பேர், நான்கு வைத்தியம். மாடிப்படி இறங்கும்போது தலை சுற்றியது. ராத்திரி தாளை எடுத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன், நான்கு பேரும் கை வைத்தது ஒரே பக்கத்தில். அந்தப் பையன் சொன்னதும் ஏழாம் பக்கம்தான். ஆக அங்கே ஏதோ இருக்கிறது. ஆனால் ஏழாம் பக்கத்தை எப்படி மாற்றிப் பார்த்தாலும் சரியாக வரவில்லை. மகன் பேச்சைக் குறைத்தேன். அம்மாவைக் கொண்டுவந்தேன். ஒட்டவில்லை.

அப்பாவிடம் புலம்பினேன். அவர் யாருக்கோ வில்லங்கச் சான்று பார்த்துக்கொண்டிருந்தார். “வில்லங்கம் கையில இருக்க பத்திரத்துல இருக்காது. தாய்ப்பத்திரத்துல இருக்கும். அதுக்கு முந்தின பத்திரத்துல இருக்கும். பின்னால போயி பாரு” என்றார், கதையைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று தெரிந்து சொன்னாரோ இல்லையோ.

பின்னால் போனேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி கிடந்தது: ‘மகன் அனுப்பும் மணியார்டரை அவரே கொண்டுவந்து வீட்டில் கொடுப்பார்.’ அவ்வளவுதான். அதை எழுதும்போதே எனக்குத் தெரியும், மகன் பணத்தை அப்பா பெயருக்கு அனுப்புவதில்லை, அம்மா பெயருக்கு அனுப்புகிறான். வேலையில் இருந்த காலத்தில் மாதா மாதம் அந்த மனுஷர் தபால்காரராகத் தன் வீட்டு வாசலில் நின்று, தன்னைத் தாண்டிப் போகிற பணத்துக்குத் தன் மனைவியிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். இது என் மனசில் இருந்தது, தாளில் இல்லை. அந்த வரியை ஒன்றரைப் பக்கமாக விரித்தேன். ஏழாம் பக்கத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அடுத்த மாதம் வாசித்தபோது அந்த இடத்தில் யாரும் மகன் பேச்சு நீளம் என்று சொல்லவில்லை.

வாசகர் தடுக்கி விழுந்த இடத்தை நம்பலாம், அவருடைய கால் பொய் சொல்லாது. கல் எங்கே கிடக்கிறது என்று அவர் சொல்வதை மட்டும் நானே போய்ப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வேன். பெரும்பாலும் அது இரண்டு மூன்று பக்கம் முன்னால் கிடக்கும்.

குறை சொல்வது என்றாலே நமக்கு நக்கீரர்தான் நினைவுக்கு வருகிறார். நெற்றிக்கண்ணும் குற்றமும் சின்ன வயதிலேயே மனசில் பதிந்துவிட்டன. அதனால் விமர்சனம் என்பதே ஒருவர் ஜெயித்து ஒருவர் தோற்கிற வழக்கு என்று நினைக்கிறோம். அதற்கு மாறான ஒரு காட்சி தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரத்திலேயே இருக்கிறது. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், தொல்காப்பியர் தன் நூலை அதங்கோட்டு ஆசானுக்கு ‘அரில் தப’ எடுத்துக் காட்டினார் என்கிறார் பாயிரம் பாடிய பனம்பாரனார். அரில் என்றால் சிக்கல், பிணக்கு, குற்றம். அது இல்லாமல் போகும்படி. நூலை எடுத்துச் சொன்னவரும் கேட்ட ஆசானும் ஒரே பக்கத்தில் நிற்கிறார்கள், எதிரே இருப்பது அரில். தையற்கடை மாடியில் நல்ல நாட்களில் எங்களுக்கு அது வாய்த்திருக்கிறது.

கெட்ட காலமும் வந்தது, அதற்குக் காரணம் வட்டம் அல்ல. என் கதைகள் திருத்தத்தால் நன்றாக வருகின்றன என்று கண்டதும், எல்லாவற்றையும் திருத்த ஆரம்பித்தேன். சத்துணவுக்கூடத்து ஆயா ஒருவரைப் பற்றி ஒரு கதை. அதில் சோறு வடித்த பெரிய அண்டாவை அவர் உள்ளே இறங்காத குறையாகக் குனிந்து தேய்க்கிற ஒரு பகுதி. உள்ளே இருந்து அவர் குரல் எதிரொலித்து வரும், பிள்ளைகள் வெளியே நின்று பதில் சொல்வார்கள். கதை அங்கே நிற்கிறது, நகரவில்லை என்றார்கள். எடுத்தேன். முடிவு தெளிவாக இல்லை என்றார்கள். தெளிவாக்கினேன். தலைப்பையும் மாற்றினேன். நிறையப் பேர் படிக்கிற ஒரு பத்திரிகையில் வந்தது, பாராட்டும் வந்தது. அப்பாவிடம் காட்டினேன். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நல்லாத்தான் இருக்கு. எழுதினது நீ. எழுதிக்குடுத்தது யாரு?”

பத்திரத்தில் இரண்டு பேர் உண்டு. எழுதிக்கொடுப்பவர் சொத்துக்கு உடையவர். அவர் பெயர் பத்திரத்தின் தொடக்கத்திலேயே இருக்கும், பக்கந்தோறும் கையெழுத்து இருக்கும். எழுதியவர் என்று கடைசியில் ஓரமாக வருவது அப்பாவின் பெயர். அவர் வேலை சொற்களை ஒழுங்காக எழுதுவது, அவ்வளவே. நிலத்தில் அவருக்கு ஒரு சென்ட்டும் கிடையாது. அந்த ஆயாவின் கதையில் நான் அந்த ஓரத்துக்குப் போய்விட்டிருந்தேன். அண்டாவுக்குள்ளிருந்து வந்த குரலுக்காகத்தான் அதை எழுதத் தொடங்கினேன். அது போனபிறகு அங்கே எனக்கு என்ன பாத்தியதை?

அதே சட்டத்தில் 20-ஆவது பிரிவு. பத்திரத்தில் இடைச்செருகல், விட்ட இடம், அழித்தல், மாற்றம் எது இருந்தாலும், எழுதிக்கொடுப்பவர் அதன் அருகே கையெழுத்தோ இனிஷியலோ போட்டு ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவு அலுவலர் பதிய மறுக்கலாம். அப்பா இதில் கறாராக இருப்பார். ஒரு எழுத்து அடித்திருந்தாலும் ஆளைக் கூப்பிட்டு, “இந்தாங்க, இதைத்தான் அடிச்சிருக்கேன், பாத்துக்கிடுங்க” என்று காட்டித்தான் ஒப்பம் வாங்குவார். அந்த வருடத்திலிருந்து என் கைப்பிரதிகளிலும் இதைச் செய்கிறேன். யார் சொல்லி எந்த மாற்றம் செய்தாலும், ஓரத்தில் இனிஷியல் போடுவேன். போடக் கை தயங்கினால் அந்த மாற்றத்தைச் செய்யமாட்டேன். எளிய காரியம்தான். ஆனால் அந்தத் தயக்கம் எவ்வளவு துல்லியமானது என்று செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் கார்வருக்கு நடந்ததை நான் பிற்பாடுதான் படித்தேன். அவருடைய கதைத்தொகுப்பு ஒன்றை அதன் எடிட்டர் கார்டன் லிஷ் மொத்தத்தில் பாதிக்கும் மேல் வெட்டினார். 1980 ஜூலை 8-ஆம் தேதி காலை, கார்வர் அவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். புத்தகத்தை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகிற கடிதம் அது. குடியை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது, திரும்பக் கிடைத்த வாழ்க்கை கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் அதில் தெரியும். ஆனால் புத்தகம் 1981-இல் வந்தது, பெரும்பாலும் லிஷ் வெட்டியபடி. அதுதான் கார்வருக்கு உலகப் புகழைக் கொண்டுவந்தது என்பது இதில் இருக்கிற கஷ்டம். அவர் 1988-இல் இறந்தார். வெட்டுப்படாத பிரதி தனி நூலாக வெளிவர 2009 ஆனது.

அதில் ஒரு கதையின் இரண்டு வடிவங்களையும் ஒரே ராத்திரியில் படித்தேன். பிறந்தநாள் அன்று ஒரு சிறுவன் கார் மோதி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவனுக்காக அம்மா சொல்லிவைத்த கேக்கை யாரும் வந்து வாங்கவில்லை. விஷயம் தெரியாத கேக் கடைக்காரர் வீட்டுக்கு போன் செய்துகொண்டே இருக்கிறார். லிஷ் வெட்டிய வடிவம் ஒரு போன் அழைப்போடு நிற்கிறது, பையன் பிழைத்தானா என்றே தெரியாது. முதுகெலும்பு சில்லிடும். கார்வரின் வடிவத்தில் பையன் இறந்துபோகிறான். தாயும் தகப்பனும் நடுராத்திரியில் கோபத்தோடு அந்தக் கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் மன்னிப்புக் கேட்டு, அடுப்பிலிருந்து எடுத்த சூடான ரொட்டியைச் சாப்பிடக் கொடுக்கிறார், விடியும்வரை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வெட்டியது தேர்ந்த கைதான், சந்தேகமில்லை. ஆனால் எனக்கு அந்த ரொட்டி வேண்டும். துக்க வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து காப்பி வருகிற ஊரில் வளர்ந்தவள் நான். கார்வருக்கும் அது வேண்டியிருந்தது: 1983-இல் வந்த தன் அடுத்த தொகுப்பில் நீண்ட வடிவத்தையே வைத்தார். நான் அதை அவர் இனிஷியல் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் நெல்லைச் சீமையிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தில் நண்பர்களைக் கூட்டி உட்காரவைத்துக் கம்பன் பாட்டைச் சொல்லிச் சொல்லி ரசிக்கக் கற்றுக்கொடுத்த ரசிகமணி டி.கே.சி., பல பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கினார், சில இடங்களில் சொற்களையே மாற்றினார். அவர் காதுக்கு நான் தலைவணங்குகிறேன். ஒரு பாட்டை எப்படிக் கேட்க வேண்டும் என்று தமிழர்களுக்குச் சொல்லித்தந்தவர்களில் அவர் முதன்மையானவர். ஆனால் ஒப்பம் போடக் கம்பன் வர முடியாதே.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்த மாணவி நான் திருத்தமே வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துக்கொள்வாள். ரஷ்ய எழுத்தாளர் செக்கோவுக்கு அப்போது 26 வயது. வைத்தியம் பார்த்துக்கொண்டே வாரப் பத்திரிகைகளுக்குப் புனைபெயரில் குட்டிக் கதைகளாக எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார், குடும்பச் செலவுக்கு. 1886 மார்ச் 25-ஆம் தேதி, அறுபதைத் தாண்டிய மூத்த எழுத்தாளர் கிரிகோரோவிச் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். உன்னிடம் உண்மையான திறமை இருக்கிறது, அவசரமாக எழுதுவதை நிறுத்து என்பது அதன் சாரம். வருமானம் குறைவென்றால் நாங்கள் அந்தக் காலத்தில் பட்டினி கிடந்ததுபோலப் பட்டினி கிட, மனசில் சேர்ந்ததையெல்லாம் நன்றாக யோசித்து எழுதும் படைப்புக்காகச் சேர்த்துவை என்றும் சொன்னார்.

மூன்று நாளில் செக்கோவ் பதில் எழுதினார். மின்னல் தாக்கியதுபோல இருந்தது என்றார். எந்தக் கதைக்கும் ஒரு நாளுக்கு மேல் செலவழித்ததாக நினைவில்லை என்றும், நீங்கள் பாராட்டிய கதையைக் குளியலறைக் கொட்டகையில் வைத்து எழுதினேன் என்றும் ஒப்புக்கொண்டார். இரண்டு வருடத்தில், 1888-இல், ஒரு சிறுவன் புல்வெளிகள் வழியாகப் போகிற பயணத்தை நிதானமாக, நீளமாக எழுதினார்.

அந்தக் கடிதத்தில், ‘இந்தப் பத்தியை எடு’ என்று ஒரு வரி இல்லை. கிரிகோரோவிச் கதையைத் திருத்தவில்லை, எழுதுகிறவனைக் கூப்பிட்டு நிறுத்தினார். செக்கோவ் உள்ளுக்குள் ஏற்கெனவே அறிந்திருந்ததை அவர் வெளியே சொன்னார், அதனால்தான் அது மின்னலாக இறங்கியது. என்னை உண்மையில் மாற்றிய எல்லாத் திருத்தங்களும் இப்படித்தான் இருந்திருக்கின்றன. கேட்டதும், ‘ஐயோ, கண்டுபிடித்துவிட்டார்களே’ என்றுதான் தோன்றும். அந்தப் பென்சில் வரிக்கு நான் அவ்வளவு கோபப்பட்டதும் இதனால்தான் என்று இப்போது நினைக்கிறேன். சம்பந்தமில்லாத குறைக்கு எனக்குக் கோபம் வருவதில்லை.

அந்தப் பெண்ணிடம் கதையை யாருக்குக் கொடுக்கலாம் என்றும் சொன்னேன். உன்மேல் பிரியமானவர்களுக்கு முதலில் கொடுக்காதே, அவர்கள் உன்னைப் படிப்பார்கள், கதையைப் படிக்கமாட்டார்கள். கதையில் வருகிற வேலையைச் செய்கிற ஒருவருக்குக் கட்டாயம் கொடு. கொத்தனார் வருகிறாரா, ஒரு கொத்தனாரிடம் வாசித்துக் காட்டு. “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்ற பதில்தான் வரும். அதை வைத்துக்கொண்டு ஒரு வரிகூட எழுத முடியாது. எங்கே கீழே வைக்கத் தோன்றியது, யாரை நம்ப முடியவில்லை, எந்த இடத்தில் திரும்பிப் போய்ப் படித்தாய் என்று கேள். ஒரு வாரம் கழித்து எது நினைவிருக்கிறது என்று கேட்பதும் எனக்கு உதவியிருக்கிறது. ஊறுகாய் ஜாடி அப்படித்தான் தப்பித்தது.

அவள் கதைக்கு நான் மூன்று இடத்தில் பென்சில் கோடு மட்டும் போட்டேன். என்ன செய்ய வேண்டும் என்று எழுதவில்லை. முதலில் ஏமாந்த முகத்தோடு பார்த்தாள். அவள் கோபப்பட்டால் நல்லது.

அப்பாவுக்கு இப்போது எண்பத்திரண்டு. கண்புரை அறுவை முடிந்தும் சிறு எழுத்து தெரிவதில்லை. கொட்டகை போய்விட்டது, எல்லாம் கம்ப்யூட்டரில் தட்டுகிறார்கள், விரலைக் கருவியில் வைத்தால் போதும், சுவரில் புதிய தீற்றல் விழுவதில்லை. இப்போது நான் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன், அவர் சொல்லித்தந்த அதே குரலில், எதையும் அழுத்தாமல்.

போன வாரம் எழுதிக்கொண்டிருக்கிற கதையை வாசித்தேன். பாகம் பிரிந்துபோன அண்ணன் தம்பி. நடுவில் சுவர் எழும்பிவிட்டது, பதினோரு வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அவர்கள் மனைவிமார் இருவரும் ஒருவரை ஒருவர் நினைத்துக்கொள்வதுதான் கதை. எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஏதோ ஓடாமல் நின்றது, என்னவென்று பிடிபடவில்லை. அப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்து நிறுத்தினேன்.

“கெணறு யாருக்குப் போச்சு?” என்றார்.

“என்னப்பா?”

“பாகப்பிரிவினைன்னு சொல்லுதல்லா. வீட்டைப் பிரிச்சாச்சு, தோட்டத்தைப் பிரிச்சாச்சு. கெணறு தனியா, பொதுவா? பொதுன்னா மொறை வச்சிருப்பாகளே.”

நான் அதை யோசித்திருக்கவில்லை. கிணறு பொது என்றால், பதினோரு வருடமாகப் பேசாத இரண்டு பெண்களும் தினமும் விடியற்காலையில் ஒரே கிணற்றடிக்கு வந்திருக்கிறார்கள். ஒருத்தி குடத்தை எடுக்கும்வரை மற்றவள் சுவரோரம் நின்றிருக்கிறாள். ஒரே வாளியா, இரண்டு வாளியா? ஒரே கயிறா? ஒருத்திக்கு முடியாமல் படுத்த நாட்களில், அவள் வரவில்லை என்பது ஊரிலேயே முதலில் மற்றவளுக்குத்தான் தெரிந்திருக்கும்.

அப்பா பதிலுக்குக் காத்திருந்தார்.

“பொதுதான்” என்றேன். எழுந்துபோய்ப் பேனாவை எடுத்து முதல் பக்கத்தைத் திருப்பினேன்.